பழைய பல்ப் இதழ்களும் ஹாலிவுட் விளம்பரத் தாள்களும்: அசலை அறிந்து, ஆண்டைக் கணித்து, கெடாமல் காக்க

1930-களின் பல்ப் இதழ் அட்டையையோ, தியேட்டர் முகப்பில் மாட்டிய ஹாலிவுட் லாபி கார்டு என்ற விளம்பர அட்டையையோ, நல்ல ஸ்கேனரும் பிரிண்டரும் வைத்திருக்கும் எவரும் இன்று அச்சு அசலாக நகலெடுத்துவிடலாம். நகலில் எளிதில் வராதவை வேறு: தாள் பழுத்த விதம், மை உட்கார்ந்திருக்கும் விதம், மடிப்பின் தேய்மானம், கம்பித் துரு, ஓரத்தில் கிடக்கும் பொடி எழுத்து. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையில் போகிறது: தாளை முதலில் பாருங்கள், படத்தைக் கடைசியில் பாருங்கள். 1932-ல் வெளியான ‘தி மம்மி’ படத்தின் போஸ்டர் ஒன்று 1997-ல் சோத்பிஸ் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது. விலை அவ்வளவு ஏறும் இடத்தில் போலிகளும் வரத்தான் செய்யும்.

பல்ப் இதழ் என்று இங்கே சொல்வது, மலிவான மரக்கூழ்த் தாளில் கதைகளை அச்சிட்டு, வழவழப்பான வண்ண அட்டை போட்டு, பெரும்பாலும் 10 முதல் 25 சென்ட் வரை விற்ற அமெரிக்க இதழ்களை. ஃபிராங்க் மன்ஸி 1896-ல் ‘ஆர்கஸி’யை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார், 1950-களின் நடுவில் இந்த வகை ஏறக்குறைய ஓய்ந்துபோனது. ஹாலிவுட் பக்கம் பார்க்கப்போவது, ஸ்டுடியோக்கள் தியேட்டர்களுக்கு அனுப்பிய ஒன் ஷீட் போஸ்டர்கள் (வழக்கமான ஒற்றைத் தாள் போஸ்டர்), லாபி கார்டுகள், ஸ்டில்கள் (விளம்பரப் புகைப்படங்கள்).

படி 1: கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று, முடிந்தால் 30 மடங்கு கண்ணாடி இன்னொன்று. அங்குல அளவுள்ள டேப், ஏனென்றால் இந்தத் தாள்கள் எல்லாமே அங்குலத்தில் வெட்டப்பட்டவை. பக்கவாட்டில் பிடிக்க ஒரு சிறிய எல்.ஈ.டி. டார்ச். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் (அதன் ஒளியை நேரே கண்ணால் பார்க்கக் கூடாது). கைக்கு உறை வேண்டாம். துணி உறை நொறுங்கும் ஓரத்தில் மாட்டித் தாளைக் கிழித்துவிடும். சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த கையே நல்லது. ஸ்டில் புகைப்படங்களுக்கு மட்டும் விரல் ரேகை படியாத நைட்ரைல் உறை போடுங்கள்.

படி 2: அளவெடுப்பது

பாதி நகல்கள் இங்கேயே பிடிபட்டுவிடும். பழைய ஒன் ஷீட் 27 × 41 அங்குலம். 27 × 40 என்பது 1980-களுக்குப் பிறகு வந்த அளவு. 24 × 36 என்றால் அது அலங்காரத்துக்கு அச்சிட்ட நகல், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. லாபி கார்டு 11 × 14. ஒரு படத்துக்கு வழக்கமாக எட்டு, அதில் ஒன்று டைட்டில் கார்டு. மற்ற போஸ்டர் வகைகளில் இன்செர்ட் 14 × 36, ஹாஃப் ஷீட் 22 × 28, திரீ ஷீட் 41 × 81. சுவர்களுக்கான 24 ஷீட் ஏறக்குறைய 9 அடி உயரம், 20 அடி அகலம். பல துண்டுகளாக வந்து சுவரில்தான் ஒன்று சேரும்.

விண்டோ கார்டு என்ற விளம்பர அட்டை 14 × 22. மேலே சுமார் 4 அங்குலம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், ஊர் தியேட்டர்காரர் தன் கொட்டகையின் பெயரையும் தேதியையும் அச்சிட்டுக்கொள்வதற்காக. பிற்பாடு அந்தப் பகுதியை வெட்டி எறிந்தவர்கள் பலர். எனவே 14 × 18 அளவில் வந்தால் அது நகல் என்று தள்ளிவிடாதீர்கள். வெட்டுப்பட்ட அசலாக இருக்கலாம். மதிப்பு குறையும், அவ்வளவுதான். தியேட்டர் பெயரோடு முழு அளவில் இருக்கும் கார்டு, எந்த ஊரில் எந்த நாளில் படம் ஓடியது என்பதற்கே சாட்சி. அதை அழுக்காக நினைத்து அழித்துவிடக் கூடாது.

பல்ப் இதழின் சராசரி அளவு 7 × 10 அங்குலம், தடிமன் அரை அங்குலம் வரை. ஆனால் இதழ்கள் அளவை மாற்றிக்கொண்டே இருந்தன, அந்த மாற்றமே ஆண்டைக் காட்டும். ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் அறிவியல் புனைகதை இதழான ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ 1926 ஏப்ரலில் தொடங்கியபோது ஏறக்குறைய 8½ × 11 அங்குலப் பெரிய வடிவம்; தாளும் வழக்கமான பல்ப் தாளைவிடத் தடிமன். அதே வகை இதழான ‘அஸ்டவுண்டிங்’ 1942 ஜனவரியில் அந்தப் பெரிய அளவுக்குப் போய், 1943-ல் பல்ப் அளவுக்குத் திரும்பி, அதே ஆண்டு நவம்பரில் கைக்கு அடக்கமான டைஜஸ்ட் ஆகிவிட்டது. 1944 தேதியோடு பல்ப் அளவில் ‘அஸ்டவுண்டிங்’ ஒன்று வந்தால், கையில் வாங்கும் முன்பே சந்தேகப்படலாம்.

படி 3: தாளின் வயது

மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது; தாளுக்குப் பதம் கொடுக்கப் படிகாரமும் ரோஸின் என்ற மரப்பிசினும் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து அமிலமாகித் தாளை அரிக்கும். இது காற்றும் வெளிச்சமும் படும் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். ஆகவே அசல் பல்ப் இதழின் பக்கத்தைத் திறந்தால் ஓரம் அடர்பழுப்பு, நடுப்பகுதி வெளிர்மஞ்சள், முதுகை ஒட்டிய இடம் இன்னும் வெளிர். தேநீரில் தோய்த்தோ நிறம் அச்சிட்டோ பழையதாக்கிய தாளில் இந்தப் படிப்படியான மாற்றம் வராது. எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும், அல்லது நீர்க்கோடு தெரியும்.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950-ஐ ஒட்டித்தான் தாள் ஆலைகளில் பரவலாயின. அவை கலந்த தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1930-களின் தாள் மந்தமாகக் கிடக்கும். ஒளிர்ந்தால் நகல் என்பது ஏறக்குறைய உறுதி. ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்: பழைய வெற்றுத் தாளைத் தேடிப்பிடித்து அதில் அச்சிடுபவர்கள் உண்டு, இப்போதும் ஒளிர்பொருள் சேராத தாள் கிடைக்கிறது. துணி ஒட்டிய போஸ்டரில் பின்புறத் துணி ஒளிர்ந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்பக்கத் தாளை மட்டும் பாருங்கள்.

படி 4: பூதக்கண்ணாடியில் மையைப் படிப்பது

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது இதுதான்.

மௌனப்பட காலத்திலிருந்து 1930-கள் வரை வந்த ஒன் ஷீட் போஸ்டர்களில் பெரும்பாலானவை லித்தோ அச்சு, அதாவது சமதளப் பரப்பில் வரைந்ததை மையிட்டு அச்சிடும் முறை. கிளீவ்லாந்தின் மோர்கன், ஓட்டிஸ் போன்ற லித்தோ அச்சகங்களின் பெயர் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஓவியத்தைக் கைவினைஞர்கள் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகட்டில் க்ரேயானால் வரைந்தார்கள். ஆகவே 10 மடங்கில் பார்த்தால் ஒழுங்கான புள்ளிகள் தெரியாது. சொரசொரப்பான பரப்பில் க்ரேயான் இழுத்ததுபோல ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் படிந்து மூன்றாவது நிறம் பிறந்திருக்கும். அதே படம் ஆஃப்செட் (இன்றைய பொது அச்சு முறை) நகலில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்த ஒழுங்கான வலையாகத் தெரியும். இங்க்ஜெட் நகலில் தெளித்த தூறல்போலச் சிதறிய நுண்புள்ளிகள்.

பல்ப் அட்டைகளும் பல லாபி கார்டுகளும் அசலிலேயே ஹாஃப்டோன் புள்ளிகளால் (படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் காட்டும் நுண்புள்ளிகள்) ஆனவை. அங்கே புள்ளி இருப்பது குற்றமில்லை. புள்ளி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. இதழின் பெயர், விலை, நடிகர் பெயர், ஓரக்கோடு ஆகியவற்றைப் பாருங்கள். அசலில் இவை தனியாகப் பூசிய முழு மை. எழுத்தின் விளிம்பு கத்திபோல இருக்கும். நகலில் அட்டை முழுவதையும் ஒரே புகைப்படமாக எடுத்து அச்சிடுவதால் எழுத்தும் புள்ளிகளாக உடைந்து, விளிம்பு பல்பல்லாகத் தெரியும். புள்ளிகளை மறுபடி புள்ளியாக்கும்போது முகம், வானம் போன்ற சீரான இடங்களில் அலையலையான மோயர் கோலம் விழும். இந்த ஒரு சோதனையில் சிக்காத சாதாரண நகல் அரிது.

பல்ப் அட்டைகள் பெரும்பாலும் மேடெழுந்த தகட்டில், லெட்டர்பிரஸ் முறையில் அச்சானவை. தகடு தாளை அழுத்தும்போது மை புள்ளியின் ஓரத்துக்கு ஒதுங்கும். 30 மடங்கில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கொஞ்சம் அடர்ந்த வளையம் தெரியும். ஆஃப்செட் புள்ளியில் அது இல்லை.

ஒரு எச்சரிக்கை. மார்கரெட் பிரண்டேஜ் 1930-களில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழுக்கு வரைந்த அட்டைகள் பேஸ்டல் சுண்ணத்தால் ஆனவை. அட்டையிலும் சுண்ணப் பொடியின் சொரசொரப்பு தெரிவதால் புதியவர்கள் அதை லித்தோ துகள் என்று நினைத்துவிடுவார்கள். கண்ணாடியை இன்னும் நெருக்கினால் அந்தச் சொரசொரப்பே புள்ளிகளால் ஆனது என்று தெரியும்.

மடிப்பையும் இதோடு பார்த்துவிடுங்கள். ஒன் ஷீட் போஸ்டர்கள் 1980-கள் வரை மடித்தே அனுப்பப்பட்டன: குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, மொத்தம் எட்டுக் கட்டம். டார்ச்சைத் தாளோடு தாளாகப் பக்கவாட்டில் பிடித்தால் அசல் மடிப்பு மேடு பள்ளமாக நிழல் விழுத்தும், உச்சியில் மை உதிர்ந்திருக்கும். மடிப்புக்கோடு தெரிகிறது, ஆனால் பரப்பு சமமாக இருக்கிறது என்றால் மடிப்பையும் சேர்த்து ஸ்கேன் செய்து அச்சிட்டிருக்கிறார்கள். 1930-களின் ஒன் ஷீட் மடிப்பே இல்லாமல் சுருளாக வந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

படி 5: பல்ப் இதழின் உடம்பு

பழைய பல்ப் இதழில் பாரங்களை (மடித்த பக்கக் கட்டுகளை) அடுக்கி, முதுகை ஒட்டிய இடத்தில் பக்கவாட்டில் இரண்டு கம்பி அடித்து, அதன்மேல் அட்டையை முதுகில் மட்டும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பல இதழ்களில் ஓரம் வெட்டாமலே விட்டிருப்பார்கள், அட்டை தாளைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்சிதான் முதலில் நைந்து உதிரும். எனவே நாலு ஓரமும் கூராக வெட்டியிருந்தால், பிற்காலத்தில் யாரோ நைந்த ஓரத்தை மறைக்க நறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அட்டை ஓவியத்தின் கையெழுத்தோ விலையோ விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விற்காத இதழ்களின் அட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிக் காசு பெற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. அதனால் அட்டையில்லாத அசல் உடம்புகள் நிறைய உண்டு. அவற்றில் நகல் அட்டையையோ வேறு பிரதியின் அட்டையையோ ஒட்டி முழு இதழாக விற்பார்கள். அட்டையில் இருக்கும் நீர்க்கறை முதல் பக்கத்திலும் அதே இடத்தில் தொடர்கிறதா? முதல் பக்கத்தின் அமிலப் பழுப்பு அட்டையின் உட்புறத்தில் நிழலாகப் படிந்திருக்கிறதா? முதுகில் பசை பழுத்து உடையக்கூடியதாக இருக்கிறதா? (வெள்ளையாக, ரப்பர்போல வளைந்தால் அது புதிய பசை.) மூன்றும் பொருந்தினால் அட்டையும் உடம்பும் சேர்ந்தே பிறந்தவை.

தேதியைப் பொருளடக்கப் பக்கத்தின் அடியில் பாருங்கள்: தொகுதி, எண், மாதம், வெளியீட்டாளர் முகவரி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அட்டையில் போட்ட மாதத்துக்கு முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும், எனவே உள்ளே இருக்கும் விளம்பரங்கள் ஒரு மாதம் முந்தியவையாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அட்டையில் நீலக் கழுகும் என்.ஆர்.ஏ. எழுத்தும் (அமெரிக்க அரசின் தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின் சின்னம்) இருந்தால் காலம் 1933 நடுவிலிருந்து 1935 வரை. அந்தச் சட்டத்தை 1935 மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதே கழுகு அந்தக் காலப் போஸ்டர்களிலும் உண்டு.

நாட்டுப் பதிப்பையும் கவனியுங்கள். கனடா 1940 டிசம்பரில் அந்நியச் செலாவணியைச் சேமிக்க அமெரிக்கப் பல்ப் இறக்குமதிக்குத் தடை போட்டது. அதன்பின் அங்கேயே அச்சான பதிப்புகளில் சில வேறு அட்டையோடு வந்தன. விலை ஷில்லிங், பென்ஸில் இருந்தால் பிரிட்டிஷ் பதிப்பு. இவை போலி அல்ல, ஆனால் அமெரிக்க முதல் அச்சின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

படி 6: படம் வந்த ஆண்டும் தாள் வந்த ஆண்டும்

ஹாலிவுட் தாளில் அதிகம் நடக்கும் தவறு, மறுவெளியீட்டுப் போஸ்டரை முதல் வெளியீடு என்று வாங்குவது. அது அசல் தாள்தான், காலம்தான் வேறு.

1940 வாக்கில் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் நிறுவனம் ஸ்டுடியோக்களின் போஸ்டர் வினியோகத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தது. அதிலிருந்து கீழ் வலது ஓரத்தில் ஒரு எண் வரத் தொடங்கியது: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, சாய்கோடு, பிறகு அந்தப் படத்தின் வரிசை எண். 46 என்று தொடங்கினால் 1946. முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு. இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது: 1931-ல் வந்த படத்தின் போஸ்டரில் இந்த எண் இருந்தால், அந்தத் தாள் படத்தைவிடக் குறைந்தது ஒன்பது ஆண்டு இளையது. இந்த எண்ணையோ எழுத்தையோ மறைக்க ஓரத்தை வெட்டுவார்கள், சுரண்டுவார்கள். கீழ் வெள்ளை ஓரம் மற்ற மூன்றைவிட ஒடுங்கியிருந்தாலோ, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மூலையில் மட்டும் தாள் இழை எழும்பியிருந்தாலோ வாங்காதீர்கள்.

படத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் படியுங்கள். யூனிவர்சலின் 1930-களின் திகில் படங்களை 1940-களின் இறுதியிலிருந்து ரியலார்ட் என்ற நிறுவனம் மறுபடி வெளியிட்டது. போஸ்டரில் ரியலார்ட் பெயர் இருந்தால் காலம் அதுதான்.

ஸ்டில்களுக்குத் தாளின் பின்புறம் முக்கியம். அசல் ஸ்டில் பெரும்பாலும் 8 × 10 நெகட்டிவிலிருந்து நேரடியாக அச்சிட்ட வெள்ளி ஜெலட்டின் படம் (அந்தக் காலத்தின் வழக்கமான கறுப்பு வெள்ளைப் புகைப்படம்). கண்ணிமையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். கீழ் மூலையில் தயாரிப்பு எண்ணும் ஸ்டில் எண்ணும், பின்புறம் தட்டச்சு செய்த குறிப்புத் தாள், புகைப்படக்காரரின் முத்திரை, பத்திரிகை அலுவலகத்தின் தேதி முத்திரை இவை நல்ல அடையாளங்கள். படத்தைப் படமெடுத்த நகலில் முகத்தின் வெளிச்சப் பகுதி வெளுத்து, நிழல் கறுத்து, மூலை எண் மங்கியிருக்கும். பின்புறம் பிளாஸ்டிக் வழவழப்பாக இருந்தால் 1960-களின் இறுதிக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. இருண்ட ஓரங்களில் நீலவெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அது வயதின் அடையாளம், துடைக்காதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊடக வரலாற்று டிஜிட்டல் நூலகம் (Media History Digital Library) என்ற இணையதளத்தில் பழைய சினிமா இதழ்களும் பிரெஸ்புக்குகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டுடியோ தியேட்டர்காரருக்கு அனுப்பிய பிரெஸ்புக்கில் அந்தப் படத்துக்கு எந்தெந்த அளவில் எந்தெந்த போஸ்டர் உண்டு என்று சின்னப் படங்களோடு அச்சிட்டிருக்கும். அதில் இல்லாத வடிவம் விற்பனைக்கு வந்தால் காரணம் கேளுங்கள்.

படி 7: சுத்தம் செய்வதும் ஒட்டுவதும்

முதலில் தொடக் கூடாதவை: செல்லோ டேப், லேமினேஷன், ஃபெவிகால், போஸ்டர் ஒட்டும் மைதா பசை. டேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும். லேமினேஷனைத் திருப்பி எடுக்க முடியாது.

தூசிக்கு மென்மையான தூரிகை, நடுவிலிருந்து வெளியே. போஸ்டரின் பின்புறக் கரிக்கு உலர்ந்த வல்கனைஸ்டு ரப்பர் ஸ்பாஞ்சால் ஒரே திசையில் லேசாக ஒற்றலாம். நொறுங்கும் ஓரத்திலும், கையால் வண்ணம் தீட்டிய லாபி கார்டிலும் இதைச் செய்ய வேண்டாம்.

போஸ்டர் கிழிசலுக்குக் கோதுமை ஸ்டார்ச் பசையும் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் எடையுள்ள, நீண்ட இழை கொண்ட ஜப்பானிய கோசோ தாளும். புரதம் நீக்கிய ஸ்டார்ச் ஒரு பங்கு, வடிகட்டிய நீர் நான்கு அல்லது ஐந்து பங்கு. ஊறவைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடிபோல ஆனதும் இறக்கி ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, பாலாடைப் பதத்துக்குத் தளர்த்துங்கள். கோசோ தாளைக் கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிரியுங்கள். இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஒட்டு தடிக்காது. பின்புறம் ஒட்டி, மேலே பாலியெஸ்டர் வலைத்துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் எடை, ஒரு நாள் முழுக்க.

பல்ப் இதழின் உட்பக்கங்களில் இந்தப் பசை வேண்டாம். நீர் பட்டால் அமிலப் பழுப்பு கரைந்து, ஈரம் நின்ற எல்லையில் கறுப்புக் கோடாகப் படியும். அங்கே எத்தனாலில் 3 முதல் 5 சதவீதம் கரைத்த க்ளூசல் ஜி (நீர் இல்லாமல் பயன்படுத்தும் செல்லுலோஸ் பசை) பயன்படும். எத்தனால் மையைக் கரைக்கிறதா என்று யாரும் பார்க்காத மூலையில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். பெரிய போஸ்டருக்குத் துணி ஒட்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. லாபி கார்டுக்குத் துணி ஒட்டவே கூடாது.

படி 8: வைக்கும் இடம்

பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமற்ற அட்டை. கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை போஸ்டருக்கும் பல்ப் இதழுக்கும் நல்லது, ஸ்டில்களுக்கு அது சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். திறந்ததும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள், அவற்றிலிருந்து கசியும் பொருள் மையைக் கிளப்பிவிடும். பல்ப் இதழ்களைப் படுக்கவைத்து, எட்டு பத்துக்கு மேல் அடுக்காமல், முதுகை மாற்றி மாற்றி வையுங்கள்.

18 முதல் 20 டிகிரி, 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்பது நூலக அளவு. சென்னையிலோ கொழும்பிலோ வீட்டில் அந்த வெப்பம் சாத்தியமில்லை, ஈரப்பதத்தையாவது கட்டுப்படுத்துங்கள். இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் பெட்டி, உள்ளே சின்ன ஹைக்ரோமீட்டர், சிலிக்கா ஜெல் பொட்டலம். முள் 50-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள், 35-க்குக் கீழே போனால் ஒன்றை வெளியே எடுங்கள். அதிகம் உலர்ந்தால் பழுத்த தாள் தொட்டவுடன் உடையும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் பரணும் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் தனி உறை இருப்பதன் அவசியம் அப்போது தெரியும்.

இராமபாணப் பூச்சி தெரிந்தால் நாப்தலின் உருண்டை போடாதீர்கள். இதழைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர்த்துளி படியும். புகைப்படங்களை இப்படி உறையவைக்க வேண்டாம்.

படி 9: ஸ்கேன் செய்வது

600 டி.பி.ஐ., டிஃப் கோப்பு, அச்சுப் புள்ளிகளை மங்கவைக்கும் டிஸ்க்ரீன் வசதியை அணைத்துவிட்டு. அப்போதுதான் புள்ளிகளும் பதிவாகும். லாபி கார்டு ஏ4 ஸ்கேனரில் அடங்காது, ஏ3-ல் அடங்கும். ஒன் ஷீட்டுக்குக் கேமராதான்: இரண்டு விளக்குகள், இருபுறமும் 45 டிகிரியில். பல்ப் இதழை 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுப் பசை வெடித்து, பாரங்கள் கழன்று கையோடு வரும்.

அந்தப் படங்களை அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் அமெரிக்கப் பதிப்புரிமையைப் பாருங்கள். அங்கே பழைய வெளியீடுகளுக்கு உச்ச வரம்பு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு; அது முடிந்த அடுத்த ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், பல பல்ப் இதழ்கள் புதுப்பிக்கவில்லை. ஒவ்வொரு இதழுக்கும் புதுப்பிப்புப் பதிவைத் தனித்தனியே தேட வேண்டும். அட்டையில் இருக்கும் கதாநாயகனின் பெயர் இன்றும் வணிகச் சின்னமாக இருக்கக்கூடும், அதையும் தனியாகச் சரிபாருங்கள்.